காலி வயிற்று ரப்பர் மீன்

சனிக்கிழமை விடிகாலையில் கோலா கங்சாரிலிருந்து செண்டரோ ஏரிக்குப் போகும் இளைஞர்கள் பலரிடம் இப்போது ஒரே ஆசை இருக்கிறது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ எடுத்த வீடியோவில் ஒருவர் கையகல ரப்பர் மீனை வீசுகிறார், இழுக்கிறார், பெரிய வாயுள்ள பாஸ் மீன் ஒன்று அதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. அதே மீனை, அதே மாதிரிக் கோத்து, நம் ஏரியிலும் போட வேண்டும்.

போடலாம். ஆனால் நம் தண்ணீரில் பாஸ் இல்லை. இங்கே இருப்பது தோமான், செபாராவ், ஈய லம்பக் குட்டைகளில் பீகாக் பாஸ். பெயரில் பாஸ் இருந்தாலும் பீகாக் பாஸ் அந்தச் சாதி கிடையாது. அமேசான் பக்கத்து மீன் அது, நம்மூர்க் கால்வாயெல்லாம் நிறைந்திருக்கும் திலாப்பியாவின் குடும்பம். இந்த மூன்று மீன்களுக்கும் வாய் வேறு, பல் வேறு, கடிக்கும் காரணம் வேறு. அதனால் கோர்க்கும் விதமும் மாற வேண்டும். போன மாதத்திலிருந்து இதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த வாரம் அதையே பார்த்துவிடுவோம்.

முதலில் சாமான். கடையில் தொங்கும் ரப்பர் மீனில் இரண்டு வகை. ஒன்று உள்ளே முழுக்கச் சதைப்பற்றாக இருக்கும். இன்னொன்று உள்ளே கூடு. மூக்குக்குப் பின்னால் தொடங்கி வால் பக்கம் வரை வெறும் காற்று. கையில் எடுத்து வயிற்றை அமுக்கினால் தெரிந்துவிடும். வாலின் நுனி காலணி மாதிரி தட்டையாக மடங்கி இருக்கும். இழுக்கும்போது அதுதான் இடமும் வலமும் அடிக்கும். காலி வயிற்று மீனின் முழு ரகசியமும் அந்தக் காற்றுக் கூட்டில் இருக்கிறது. மீன் கடித்ததும் மெல்லிய சுவர் அமுங்கும், உள்ளே ஒளிந்திருக்கும் முள் வெளியே வரும். சதைப்பற்றான ரப்பரில் முள் அந்தத் தடிப்பைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும். அதோடு, லேசான உடம்பு என்பதால் மெதுவாக இழுத்தாலும் நன்றாக நெளியும்.

ரப்பர் என்று நாம் சொன்னாலும் இதில் பால்மரத்துப் பால் ஒரு சொட்டும் கிடையாது. பி.வி.சி.யை எண்ணெய்ப்பசையில் கரைத்துச் சூடாக்கி அச்சில் ஊற்றுவது. 1949-இல் நிக் கிரீம் என்ற அமெரிக்கர் இப்படிப் பிளாஸ்டிக்கில் மண்புழு வார்த்தார். அவர் இருந்த ஊர் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன். அந்த நாளில் அமெரிக்க டயர் தொழிலுக்கே தலைநகர் அது. மலாயாத் தோட்டங்களில் வெட்டிய பால் டயராக மாறிக்கொண்டிருந்த நாட்டின் ரப்பர் நகரத்திலிருந்து, ரப்பரே இல்லாத ரப்பர் புழு வந்தது. 1877-இல் நட்டதாகச் சொல்லும் பால்மரம் இன்னும் கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பிளாஸ்டிக் மீனை வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போகிறோம்.

இனி கோர்க்கும் கதை. செண்டரோவுக்கு வேண்டியது புல்லில் மாட்டாத முறை. இந்த அணை 1930-இல் முடிந்தது. நம் நாட்டு நீர்மின் அணைகளில் மூத்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டியது. தொண்ணூறு வருடத்துக்கு மேலான ஏரி என்றால் அடியில் மரக்கட்டையும் கரையோரத்தில் புல்லும் கியாம்பாங்கும் இல்லாமல் இருக்குமா? முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவது வீச்சில் இரை போய்விடும். நல்ல வெளிநாட்டுச் சரக்கு ஒரு பாக்கெட் முப்பது வெள்ளியைத் தாண்டுகிறது, உள்ளே நாலைந்துதான் இருக்கும்.

இதற்கென்று ஒரு முள் இருக்கிறது. தண்டில் ஈயம் வார்த்திருக்கும், கண்ணுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் மாதிரி ஒரு திருகுக் கம்பி தொங்கும். நான்கு அங்குல மீனுக்கு 4/0 அல்லது 5/0 முள், ஐந்து அங்குலத்துக்கு 5/0 அல்லது 6/0. ஈயம் மூன்றரை கிராமிலிருந்து ஏழு கிராம் வரை போதும். அதற்கு மேல் போனால் மீன் நீந்தாது, விழும்.

திருகுக் கம்பியை மூக்கின் நடு மையத்தில் வைத்துத் திருகுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் போனாலும் தண்ணீருக்குள் மீன் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வரும். வண்ணம், வாசனை, விலை எதுவும் அதைக் காப்பாற்றாது. மூக்கு முள்ளின் கண்ணைத் தொடும்வரை திருகியபின், முள்ளை மீனின் பக்கவாட்டில் நேராகப் படுக்க வைத்து, வளைவு எங்கே வருகிறது என்று பார்த்து நகத்தால் ஒரு கோடு போடுங்கள். வயிற்றில் அந்த இடத்தில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல். சில மீன்களில் கம்பெனியே கீறிக் கொடுத்திருப்பார்கள். கீறல் வழியாக முள்ளை உள்ளே விட்டு, கூட்டைத் தாண்டி, முதுகின் நடுவில் வெளியே எடுங்கள். முனையை முதுகுத் தோலில் அரிசி அளவுக்குச் சொருகி மறைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததும் மேலிருந்து ஒரு பார்வை பாருங்கள். முதுகு நூல் பிடித்தது போல இருக்கவேண்டும். வயிறு சுருங்கி மடிந்திருந்தால் முள் பின்னால் குத்திவிட்டது என்று அர்த்தம். உடம்பு இழுபட்டு நீண்டிருந்தால் முன்னால் போய்விட்டது. இரண்டாவது கடியிலேயே கிழியும். கழற்றித் திரும்பக் கோர்க்கலாம், ஆனால் பழைய ஓட்டையிலேயே திருகாதீர்கள், அது பிடிக்காது.

காற்றை மறந்துவிடுவார்கள். முதல் தடவை வீசும் முன் இரையைத் தண்ணீருக்குள் முக்கி வயிற்றை அமுக்கினால் குமிழி குமிழியாக வெளியே வரும். அதை எடுக்காமல் வீசினால் ஈயம் ஒரு பக்கம் இழுக்க, காற்று மறுபக்கம் தூக்க, மீன் மல்லாந்து வரும். முக்கி அமுக்கியபின் கைக்கோலுக்குப் பக்கத்திலேயே ஒரு கஜ தூரம் இழுத்துப் பாருங்கள். நேராக நின்று வால் அடித்தால் வீசலாம்.

சில வேளை காற்று வேண்டும். கியாம்பாங் படர்ந்த மூலையில் மேல்மட்டத்திலேயே இரையை இழுத்துவர வேண்டியிருந்தால், ஈயமில்லாத முள்ளில் கோத்து, காதில் அடைக்கும் பஞ்சு இருக்கிறதே, அதில் அரைத் துண்டை வயிற்றுக்குள் திணித்துவிடுங்கள். மிதக்கும். பஞ்சில் மீன் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் மணமும் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. தோமானுக்கு மணம் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் எண்ணம். அது கண்ணால் பார்த்துக் கோபத்தில் அடிக்கிற மீன்.

கம்பார், பத்து காஜா, மாலிம் நாவார் பக்கத்து ஈய லம்பக் குட்டைகளில் இவ்வளவு பாடு வேண்டாம். 1985-இல் ஈய விலை விழுந்த பிறகு கைவிட்ட குட்டைகள் அவை. பல இடங்களில் தண்ணீர் தெளிவு, நடுவில் கட்டை குறைவு. அங்கே ஈயத் தலை முள்ளே போதும்: மூக்கு வழியாக முள்ளை உள்ளே விட்டு முதுகில் எடுத்தால் சரி. ஒரே சிக்கல், காலி வயிற்று மீனில் ஈயத் தலையின் கழுத்துப் பிடிப்புக்குப் பற்றிக்கொள்ளச் சதை இல்லை. இரண்டு கடியில் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். மூக்கின் உள்பக்கம் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். ஈயக் குட்டையில் ஈயம் கட்டி மீன் பிடிக்கிறோம் என்று நம்மவர்கள் கேலி பேசுவதுண்டு. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே வாயில் வருகிறது, என்ன செய்ய. வெள்ளீயத்தை எடுத்துப் போனார்கள், காரீயத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

குட்டைக் கரை பற்றி ஒரு வார்த்தை. அது ஏரிக் கரை மாதிரி சரிந்து இறங்காது. மண் தோண்டிய குழி. ஓரத்திலேயே ஆழம் தொடங்கும், மணல் காலடியில் சரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மிதவை உடுப்பு இல்லாமல் கரைக்கு விடாதீர்கள். நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கும் அதே விதி.

செபாராவ் வேறு கணக்கு. கெண்டை வகை; தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. அதனால் உங்கள் முப்பது வெள்ளி இரை அதன் வாயில் பத்திரம். மூன்று அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். ஓடைத் தண்ணீர் ஏரியில் விழும் வாய், பாறை உள்ள கரை, விடிந்த முதல் ஒரு மணி நேரம், இதுதான் அதன் இடமும் பொழுதும். வேகமாக இழுக்கலாம், துரத்தி வந்து அடிக்கும். பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று நான்கு அணைகள் வரிசையாக நிற்கின்றன. மேலே மின்சாரத்துக்குத் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துக் கீழே நீரோட்டம் மாறும். நேற்று மீன் இருந்த பாறையில் இன்று இல்லையென்றால் உங்கள் கைராசியைச் சந்தேகிக்க வேண்டாம்.

தோமானிடம் வந்தால்தான் காலி வயிற்று மீனின் பலவீனம் வெளிப்படும். வீடியோவில் வரும் பாஸ் மீனுக்குப் பல் உப்புத்தாள் மாதிரி, அது உறிஞ்சும். தோமானுக்கு நாய்ப்பல். அது வெட்டும். முதல் அடியில் வால் போகும், இரண்டாவதில் வயிறு. இந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தோமான் தேடுவது பணக்கார விளையாட்டு. என்னைக் கேட்டால் தோமானுக்குத் தடித்த ரப்பர் தவளையே போதும். இல்லை, இதையேதான் போடுவேன் என்றால் முள் தடிப்பாக இருக்கட்டும், லீடர் நாற்பதிலிருந்து அறுபது பவுண்டு. முதலில் தட்டும்போதே இழுத்துவிடாதீர்கள். ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். கையில் பாரம் ஏறியதும் கோலை ஓங்கி இழுங்கள், அதன் வாய் எலும்பு.

எங்கே வீசுவது? தோமான் செவுளால் மட்டும் வாழாது. இடைக்கிடை மேலே வந்து காற்றை விழுங்கவேண்டும். தண்ணீரில் ஒரு கொப்பளிப்பு, ஒரு வளையம். அது எந்தப் பக்கம் தலை வைத்து இறங்கியது என்று பார்த்து, அதற்கு முன்னால் இரண்டு மூன்று கஜம் தள்ளி வீசி, மெதுவாகக் குறுக்கே கொண்டுவாருங்கள்.

இன்னொரு இடமும் எல்லாருக்கும் தெரியும். தெளிந்த நீரில் திடீரென்று தூறல் விழுவது போலச் சலசலப்பு. பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், ஒரே கூட்டமாக மேலே வந்து காற்றெடுத்துக் கீழே போகும். அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். தோமான் இனத்தில் இரண்டு பேரும் காவல். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எந்த இரையை இழுத்தாலும் அடித்துவிடும். பசிக்காக இல்லை, பிள்ளைகளிடமிருந்து விரட்டுவதற்கு. கோர்க்கவே தெரியாதவனும் அங்கே மீன் பிடிப்பான். பெரிய தோமானோடு எடுத்த படங்களில் எத்தனை இப்படி வந்தவை என்று ஏரிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன், மறைக்கவில்லை. குஞ்சுக்குக் காவல் நிற்கிற மீனை எடுப்பது விளையாட்டில் சேராது. தாயும் தகப்பனும் போன கூட்டத்தைச் சுற்றியிருக்கும் மீன்கள் சும்மா விடாது. அவற்றுக்கு அது விருந்து. அடுத்த மூன்று வருடத்துக்கான தோமானை ஒரு படத்துக்காகத் தின்னக் கொடுக்கிறோம். "பிடிச்சிட்டு விட்டுடுறோம்ணே" என்று பையன்கள் சொல்வார்கள். பத்து நிமிடம் படகில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுவதற்குள் கீழே என்ன நடந்திருக்கும்? தூறலைப் பார்த்தால் படகைத் திருப்புங்கள். ஏரி பெரியது.

பீகாக் பாஸ் விஷயத்தில் நான் நேர் எதிர். பிடித்தால் விடாதீர்கள். இங்கே பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தோமானை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பீகாக் பாஸ் அழகாக இருக்கிறது, நன்றாகச் சண்டை போடுகிறது என்று முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். அது இந்த மண்ணின் மீன் இல்லை, சிறு மீனையெல்லாம் துடைத்துத் தின்னும். பனாமாவின் காத்துன் ஏரியில் 1960-களில் இதே இனம் புகுந்தது. அங்கே சாதாரணமாகக் கிடைத்த சின்ன மீன்கள் பல கொஞ்ச காலத்தில் அருகிப்போனதை சாரெட், பெயின் என்ற இருவர் 1973-இல் ஆய்வாகவே எழுதினார்கள். கைவிட்ட லம்பக் குட்டைக்குள் அது இருக்கும்வரை ஒரு மாதிரி. ஆனால் வாளியில் உயிரோடு எடுத்துப்போய் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டையில், கால்வாயில், ஆற்றோரத்தில் விடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஒரு வெள்ளத்தில் குட்டையும் ஆறும் ஒன்றாகிவிடும். பேராக் ஆற்றில் ஏற்கெனவே தெமோலே போன்ற மீன்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றின் குஞ்சுகளுக்கு இன்னொரு வாய் வேண்டாம்.

வெள்ளைச் சதை, முள் குறைவு. மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் சின்னப் பிள்ளைகள்கூடச் சாப்பிடுவார்கள். "பிடிச்ச மீனை விட்டுட்டு வர்றதுக்கா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து போன?" என்று கேட்கிற அம்மாமார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தோட்டத்துக் காலத்தில் தீம்பார் வேலை முடித்துவந்து, மண்புழு கோத்து, அன்றைய குழம்புக்குப் பிடித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பிடித்ததை விடுவது அவர்களுக்குப் புரியாததில் தப்பே இல்லை. பீகாக் பாஸ் கொண்டுபோனால் அம்மாவும் சந்தோஷம், ஆறும் சந்தோஷம்.

மூன்று கூர் முள்ளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லீடரை மூக்கு வழியாக உள்ளே விட்டு வயிற்றில் எடுத்து, அங்கே மூன்று கூர் முள்ளைக் கட்டி, ஒரு கூரை மட்டும் வயிற்றில் சொருகி வைப்பது. மீன் மாட்டியதும் இரை நூலில் மேலே நழுவிப் போய்விடும், பல்லுக்குத் தப்பும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கட்டைக்கு ஆகாது, மீனை விட நினைத்தாலும் வாயைப் புண்ணாக்காமல் கழற்றுவது கஷ்டம். லம்பக் குட்டையில், சாப்பிடப் பிடிக்கும் மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த இரையைத் தண்ணீரில் வீசாதீர்கள். மீன் விழுங்கினால் அது செரிக்காது. பாக்கெட்டிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பாதிக்கு மேல் உயிர் கொடுக்கலாம். கிழிந்த விளிம்பு இரண்டையும் துடைத்துக் காயவிட்டு, கரண்டிக் காம்பை அடுப்பில் காட்டி விளிம்புகளுக்கு நடுவே ஒரு நொடி வைத்து எடுத்ததும் ஒட்டவைத்துப் பிடித்தால் ஒன்றாகிவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. கரண்டியும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. வெவ்வேறு கம்பெனி இரைகளை ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று உருகிச் சாயம் இறங்கும், அவரவர் பாக்கெட்டில் இருக்கட்டும். காருக்குள் வெயிலில் கிடந்து வால் மடிந்துபோனதா? சுடுதண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு, உடனே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். நேராகிவிடும்.